மாமியார் குவியலில் மறைந்த பை

எங்கள் குடும்பத்தில் கம்பி என்று சொன்னால் ஒருத்தியைத்தான் குறிக்கும். என் தம்பியின் பெண்டாட்டி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது காகிதங்களில் சுகமாக இருக்கட்டும். என் சித்தி மகளைக் கட்டியவருக்கு இவள் ஒன்றுவிட்ட தங்கை. அந்தக் கல்யாணத்தில் குடிக்கத் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தபோது, கத்தாமல் போய் இரண்டு குடம் கொண்டுவந்து ஊற்றியவள் இவள் ஒருத்திதான். அதைப் பார்த்துவிட்டு என் அம்மா, "இவ நம்ம வீட்டுக்கு வந்தா வீடு உருப்படும்" என்றாள். வந்தாள். உருப்பட்டதா என்று கேட்டால், என் தம்பி பாதி உருப்பட்டான் என்று சொல்லலாம். மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கதை.

கம்பி என்ற பெயர் உடம்பைப் பார்த்து வந்தது இல்லை. உடம்பைப் பார்த்து வைத்திருந்தால் உருளை என்றுதான் வைத்திருக்கவேண்டும் என்று அவளே சொல்வாள். சந்தைக்குப் பின்னால் உரக்கிடங்கு இருக்கிறது. அழுகிய காய், தழை, பழத்தோல், சமையலறைக் கழிவு எல்லாம் அங்கே வந்து குவியும். மூன்று நான்கு மாதத்தில் கறுப்பு உரமாகி வெளியே போகும். அந்தக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷமாக அவள் வேலை. தோள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி வைத்திருக்கிறாள். அதைக் குவியலின் வயிற்றில் சொருகிவிட்டுப் போய் ஒரு டீ குடிப்பாள். திரும்பி வந்து உருவி, உள்ளே இருந்த முனையைக் கையில் பிடிப்பாள். பிடித்த வேகத்தில் விட்டுவிட்டால் குவியல் நன்றாக வெந்துகொண்டிருக்கிறது. வெதுவெதுப்பு என்றால் பசி அடங்கிவிட்டது. சில்லென்று இருந்தால் ஒன்று வேலை முடிந்திருக்கும், இல்லை உள்ளே மூச்சு முட்டிச் செத்திருக்கும்.

கிடங்கின் மேற்பார்வையாளர் படித்தவர், நல்ல மனுஷர். அவரிடம் முள் வைத்த வெப்பமானி உண்டு. முதல் வருஷம் இரண்டையும் ஒத்துப் பார்த்தார். இரண்டாம் வருஷத்திலிருந்து வெப்பமானியை மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு, "கம்பி என்னம்மா சொல்லுது?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அவர் குவியல்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று பலகை எழுதி நட்டிருந்தார். அதை யாரும் மதிக்கவில்லை. இவள் வைத்த பெயர்கள்தான் நிலைத்தன. புதிதாக வந்து, ஈரமாக, என்ன செய்வது என்று தெரியாமல் கிடப்பது மருமகள். கொதிகொதி என்று கொதித்து, கிட்டே போனால் முகத்தில் ஆவி அடிப்பது மாமியார். கொதித்து அடங்கி, வாயைத் திறக்காமல் கிடப்பது மாமனார். எல்லாம் முடிந்து, கறுத்து, பொடிந்து, மழை பெய்த மண் மாதிரி வாசம் வருவது பாட்டன். மேற்பார்வையாளரின் குறிப்பேட்டிலேயே "மாமியார், அறுபத்திரண்டு டிகிரி" என்று எழுதியிருக்கும். மேலதிகாரி ஒருவர் வந்து அதைப் பார்த்துவிட்டு, "பாவம், ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சா?" என்று கேட்டாராம்.

மருமகளுக்கும் மாமியாருக்கும் நடுவில் இன்னொரு குவியல் உண்டு. அதன் பெயர் எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஒருநாள் அங்கே போயிருந்தபோது கூட வேலை செய்கிறவள் வாய் தவறி, "நாத்தனாரைக் கிளறணும், நாத்தம் வருது" என்று சொல்லிவிட்டாள்.

அவளுக்கு நாத்தனார் நான் ஒருத்திதான்.

"ஏண்டி, என் பேரா வெச்சிருக்கே?"

"உங்க பேரு இல்ல அண்ணி, முறைப் பேரு. வாரம் ஒரு தடவை கிளறி விடணும். கிளறலன்னா நாறும்."

"கிளறினா?"

"கிளறினா தங்கம்."

அதற்கு மேல் என்ன சண்டை போடுவது. வீட்டுக்கு ஒரு வாளி உரம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் கிடங்கை மூடிவிடுவார்கள் போல ஆகிவிட்டது. நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் அம்மாள் ஒருத்தி, வாங்கிய உரத்தை மூட்டையோடு திருப்பிக் கொண்டுவந்து வாசலில் கொட்டினாள். "இதுல கண்ணைக் கூசுது பாருங்க. என் நாத்து வேரெல்லாம் பிளாஸ்டிக்கைச் சுத்திக்கிட்டு நிக்குது" என்றாள். குப்பையோடு வந்த பிளாஸ்டிக் பைகள் குவியலைக் கிளறுகிற வாரியில் சிக்கிக் கிழிந்து கிழிந்து, சல்லடையில் நிற்காத அளவுக்குப் பொடியாகி, உரத்தோடு போயிருந்தன. வாங்க ஆள் இல்லாத உரத்துக்குக் கிடங்கு எதற்கு? இரண்டு மாதம் எல்லாரும் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் கம்பி ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாள். சமையலறையில் அரிசி களைகிற பழக்கம்தான். எந்தக் குவியல் வெளியே போவதாக இருந்தாலும் அதிலிருந்து ஒரு கை அள்ளி, பேசினில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கிவிட்டு நிற்பாள். உரம் ஊறி அடியில் படியும். மேலே மிதப்பதை விரலால் கிள்ளிப் பார்ப்பாள். குச்சி, உமி என்றால் நகத்தில் நசுங்கும். நசுங்காமல் வழுக்கினால் பிளாஸ்டிக். அந்தக் குவியல் வாசலைத் தாண்டாது. நாற்றுப் பண்ணை அம்மாள் ஒருமுறை பேசினைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். மறுபடி வாங்க ஆரம்பித்தாள். "கம்பி பார்த்துட்டாளா?" என்று கேட்டு, பார்த்துவிட்டாள் என்றால் மூட்டையைப் பிரிக்காமலே வண்டியில் ஏற்றுகிற அளவுக்கு வந்தது. அவள் வாக்கின் மேல்தான் கிடங்கு நின்றது.

இனி என் தம்பி. சந்தை வாசலில் பை விற்கிற கடை. அவன் அப்பா, அதாவது எங்கள் அப்பா, காகிதப் பொட்டலம் மடித்துக் கொடுத்தவர். இவன் பிளாஸ்டிக் பைக்கு மாறினான். புருஷன் விற்கிற பையைப் பெண்டாட்டி குப்பையிலிருந்து பொறுக்குகிறாள் என்று சந்தையே சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரிப்பான். "நான் விதைக்கிறேன், அவ அறுக்கிறா" என்பான்.

மெல்லிய பிளாஸ்டிக் பை கூடாது என்று உத்தரவு வந்ததும் சிரிப்பு நின்றது. ஒரு மாதம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்புறம் ஒருநாள் கையில் பச்சைப் பைக் கட்டோடு குதித்துக்கொண்டு வந்தான். மக்கும் பையாம். மேலே ஓர் இலைப் படம், அதற்குக் கீழே ஒரு புன்னகைப் படம். எங்கோ தூரத்து ஊரிலிருந்து ஒருத்தன் வந்து, இவனுக்கே ஏஜென்சி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

"அக்கா, இதைத் தூக்கிப் போட்டா தானா காணாமப் போயிடும்."

"உன் மாதிரியா? வேலைன்னு சொன்னா நீயும்தான் காணாமப் போவே."

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. ஒரு பையை எடுத்து, எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான முற்றத்தில் துணிக்கொடியில் மாட்டி, துணி கிளிப்புகளை எல்லாம் அதற்குள் போட்டான். "எல்லாரும் பாக்கட்டும்" என்றான்.

அதே சமயம் மாவுப்பைக்காரி என்று ஒருத்தியும் சந்தைக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள். மக்காச்சோள மாவிலிருந்து பண்ணிய பை. மங்கலான வெள்ளை, படம் கிடையாது. தொட்டால் பழைய தோல் மாதிரி இருக்கும். பேச்சு வராத பொம்பளை. "மக்குங்க" என்பாள், அதோடு நிறுத்திக்கொள்வாள். என் தம்பி அவளைப் பார்த்தால், "என்னங்க, பை விக்கிறீங்களா, பசை விக்கிறீங்களா?" என்று வம்பு இழுப்பான். அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

சந்தைச் சங்கத்தார் ஒரு முடிவு எடுத்தார்கள். சந்தையில் இனி ஒரே வகைப் பைதான். எந்தப் பை உரக்கிடங்கில் மக்குகிறதோ அந்தப் பை. மேற்பார்வையாளர் அறுபது நாள் சோதனை என்றார். சோதிக்கப்போவது யார்? கம்பி.

"சார், ஒண்ணு என் வீட்டுக்காரர் பை" என்றாளாம் அவள்.

"தெரியும்மா. வேற யாரு இருக்கா? மாமியார் நாத்தனார் எல்லாரையும் ஒரே கண்ணா பாக்கறவ நீ ஒருத்திதான்."

இரண்டு பைகளையும் தனித்தனி வலைச்சாக்கில் கட்டி, கூடவே காய்கறிக் கழிவைப் போட்டு, குவியலில் புதைக்கவேண்டும். வலைச்சாக்கு எதற்கென்றால், அறுபது நாள் கழித்துத் தேடாமல் எடுப்பதற்கு. மாவுப்பைக்காரி புதுக் கட்டிலிருந்து ஒரு பையை உருவிக் கொடுத்தாள். என் தம்பி புதிதைக் கொடுக்க மனசு வராமல், கடை வாசலில் ஒன்றரை மாதமாக வெயிலில் பார்வைக்குத் தொங்கிய பையைக் கழற்றிக் கொடுத்தான். கஞ்சத்தனம் எங்கள் பெரியப்பா வழியில் வந்தது. அந்த மனுஷர் கல்யாண மாலையைக் காயவைத்து மூன்று தம்பி கல்யாணத்துக்கும் கொடுத்தவர்.

அறுபதாம் நாள் சங்கத்தார், கடைக்காரர்கள் எல்லாரும் கிடங்கில் கூடிவிட்டார்கள். நானும் போயிருந்தேன். தம்பி சலவைச் சட்டை போட்டிருந்தான். முதலில் அவனுடைய சாக்கை இழுத்தார்கள். மண் உதிர, உதறி, பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை. பை போன இடம் தெரியவில்லை. கூட்டம் கை தட்டியது. அடுத்து மாவுப்பைக்காரியின் சாக்கு. பிரித்தால், போட்ட பை போட்டபடி. கொஞ்சம் அழுக்கு, அவ்வளவுதான். தட்டினால் கடைக்கு எடுத்துப் போகலாம்.

அந்தப் பொம்பளை பையை வாங்கி, திருப்பிப் பார்த்து, நான்காக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். "சரிங்க" என்றாள். தம்பி எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தான். அவளுக்கும் ஒன்று நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். திங்கட்கிழமை சங்கத்துக்குக் கடிதம் கொடுத்துவிடலாம் என்று மேற்பார்வையாளர் சொன்னார். அதில் கம்பி கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

கம்பி மட்டும் இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு குவியலைப் பார்த்தபடி நின்றாள். நான் அதைச் சந்தோஷம் என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் பேசினோடு என் வீட்டுக்குள் நுழைந்தாள். சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து, என் சாப்பாட்டு மேஜையின் மேல் வைத்தாள்.

"அண்ணி, பாருங்க."

கறுப்புத் தண்ணீர். அதன் மேல் பச்சையாக, நகக்கண் அளவில், அதைவிடச் சின்னதாக, மினுக் மினுக் என்று மிதந்தது. ஒன்றை விரல் நுனியில் ஒட்டி எடுத்துக் காட்டினாள். இலைப் படத்தின் நரம்பு அதில் தெளிவாகத் தெரிந்தது.

"வலைச்சாக்கைச் சுத்தி இருந்த உரத்துல ஒரு கை அள்ளினேன். ஒரே ஒரு கை."

"பை மக்கிடுச்சுன்னு..."

"மக்கல அண்ணி. உடைஞ்சிருக்கு. வலையில இருந்த ஓட்டை வழியா வெளியே போயிருக்கு. போனது எல்லாம் குவியல்லதான் கிடக்கு."

எனக்குப் பாதிதான் புரிந்தது. அவளே சொன்னாள். மக்குவது என்றால் தின்னப்படுவது. குவியலுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் இருக்கின்றன. அந்தச் சூடே அவை தின்கிற சூடுதான். தழையையும் தோலையும் தின்று, பாதியை மூச்சாக விட்டு, மீதியை மண்ணாக்கிவிடும். இந்தப் பச்சைப் பையில் அவை வாய் வைக்காது. வெயிலும் சூடும் பட்டால் நொறுங்கும்படி செய்தவன் இதில் ஏதோ மருந்து சேர்த்திருக்கிறான். நொறுங்கியது மண்ணில் கிடக்கும், மழையில் ஓடும், புழு வயிற்றில் போகும், மீன் வயிற்றில் போகும், எங்கேயும் தீராது. முழுப் பையாக இருந்தாலாவது குனிந்து பொறுக்கலாம்.

"மண்குடம் உடைஞ்சா ஒருநாள் மண்ணோட மண்ணாகும் அண்ணி. இது உடைஞ்சா இன்னும் சின்னதா இதுவேதான்."

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "அப்போ அந்த மாவுப்பையும் மக்கலையே? ரெண்டும் ஒண்ணுதானே?" என்று கேட்டேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மேஜைத் துணியின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அது நான் பண்ணின வேலை."

"என்ன பண்ணினே?"

"அவர் பையை மாமியார்ல வெச்சேன். அந்தம்மா பையை மாமனார்ல வெச்சேன்."

இந்தக் குடும்பத்துக்கு மட்டும்தான் அது எவ்வளவு பெரிய வஞ்சனை என்று புரியும். மாமியார் கொதிக்கிற குவியல். மாமனார் ஆறிப்போனது. மாவுப்பைக்கு நல்ல சூடு பல நாள் இருந்தால்தான் அந்த உயிர்கள் வாய் வைக்கும். ஆறின குவியலில் போட்டால் குளிர்ந்த அடுப்பில் சோறு வைத்த மாதிரி.

"தெரிஞ்சா பண்ணினே?"

"தெரிஞ்சுன்னு சொல்ல முடியாது. தெரியாமன்னும் சொல்ல முடியாது. வீட்டுக்காரர் பை, நல்ல இடமா இருக்கட்டும்னு கை போச்சு. கட்டிக்கிட்டு இத்தனை வருஷத்துல அவருக்குன்னு ஒரு சலுகையும் காட்டினதில்ல. முதல் தடவை காட்டினேன். அது இந்த லட்சணம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. இரண்டு பேரும் சிரித்து முடித்தபோது பேசின் மேஜையில் அப்படியே இருந்தது. கையெழுத்துப் போட்டால் புருஷன் கடை பிழைக்கும். நாற்றுப் பண்ணை அம்மாள் மறுபடி மூட்டையோடு வருவாள், கிடங்கு மூடும், அவள் வாக்கு போகும். போடாவிட்டால் கடை போகும். இரண்டில் ஒன்று. அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

சாயங்காலம் தம்பி கடையிலிருந்து வந்ததும் பேசினைக் காட்டினாள். நான் என் சமையலறை ஜன்னல் ஓரம் நின்று முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். அந்த ஜன்னல் அங்கேதான் இருக்கிறது.

"ஊரே பாத்துச்சு, பை இல்ல. உனக்கு மட்டும் இருக்கா?" என்றான்.

"கண்ணால பாத்தது பொய்ங்க. தண்ணியில போட்டுப் பாத்தாதான் மெய்."

"குப்பையில வேற எவன் பையாவது கிழிஞ்சு கிடந்திருக்கும்."

"இலைப் படம் போட்ட பச்சைப் பை சந்தையில உங்ககிட்டதான் இருக்கு."

"அப்போ நான் கடையை மூடிட்டு உன் கூட வந்து குப்பை கிளறணுமா?"

"கிளற ஆள் குறைச்சலாத்தான் இருக்கு."

அவன் விறுவிறுவென்று குளிக்கப் போனான். குளித்துவிட்டுச் சட்டை மாற்றிக்கொண்டு வெளியே போவது அவன் கோபம். குளித்து வந்து ஈரத் துண்டைத் துணிக்கொடியில் உதறிப் போட்டான். கிளிப் எடுக்கப் பைக்குள் கையை விட்டான்.

பை கையோடு வந்தது. பை என்று சொல்லக்கூடாது, பையாக இருந்தது வந்தது. கிளிப்புகள் எல்லாம் கலகலவென்று தரையில் விழுந்தன. பச்சை, இலை, புன்னகை எல்லாம் காய்ந்த அப்பளம் மாதிரி நொறுங்கி, அவன் விரலில், ஈரத் துண்டில், முழங்கையில் ஒட்டிக்கொண்டது. மீதி காற்றில் கிளம்பியது. மூன்றரை மாதமாக வெயிலில் தொங்கியது ஆயிற்றே.

அவன் முதலில் கையை உதறினான். உதற உதற இன்னும் பொடியானது. துண்டைத் தட்டினான், துண்டிலிருந்தவை தரைக்குப் போயின. சரி, பொறுக்கிவிடலாம் என்று குந்தினான். ஒரு துணுக்கை எடுத்தால் அது இரண்டானது. கொஞ்ச நேரம் கழித்துக் கம்பியும் பக்கத்தில் குந்தினாள். நான் விளக்குமாறோடு போனேன். பெருக்கினால் செங்கல் இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் ஊற்றினால் மிதந்து சாக்கடைப் பக்கம் நகர்ந்தது. என் தம்பி ஓடிப் போய் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து அணை கட்டினான்.

"அக்கா, இந்தப் பக்கம் வருது, பிடி."

"நான் என்னடா மீனா பிடிக்கிறேன்?"

மூன்று பேரும் அரை மணி நேரம் பொறுக்கினோம். ஒரு டம்ளர் நிறைந்தது. தரையைப் பார்த்தால் இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது. அவன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்:

"இது எப்போ தீரும்?"

"இதுதாங்க நான் சொன்னது" என்றாள் கம்பி.

அவன் வெளியே போகவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு பச்சைத் துணுக்கு கிடந்தது. எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட்டு முடித்தான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பெண்டாட்டியோடு பேச்சு கிடையாது. அவள் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, "அக்கா, டீ வேணும்னு சொல்லு" என்பான். அவளும் என்னைப் பார்த்து, "அண்ணி, அடுப்புல இருக்குன்னு சொல்லுங்க" என்பாள். நான் இருவருக்கும் தபால்காரி. ஞாயிறு சாயங்காலம் கடைசித் தபால் வந்தது: "அக்கா, நாளைக்கு அந்தப் பேசினை யார் தூக்கிட்டுப் போறாங்கன்னு கேளு. தண்ணியோட கனமா இருக்கும்."

"அண்ணி, நான் தூக்க மாட்டேன்னு சொல்லுங்க" என்றாள் அவள். முகம் மலர்ந்திருந்தது.

திங்கட்கிழமை கிடங்கில் மறுபடி கூட்டம். மேற்பார்வையாளர் கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். என் தம்பி பேசினை நெஞ்சுயரத்தில் பிடித்துக்கொண்டு வந்தான். கடைக்காரர்கள், "என்னப்பா, இன்னைக்கு இனிப்பா?" என்றார்கள். பேசினை இறக்கி வைத்து, "பாத்துட்டுச் சொல்லுங்க" என்றான்.

கம்பி எழுந்து நின்றாள். கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லை. கம்பியை ஊன்றிப் பிடித்துக்கொண்டு, மிதக்கிறது என்ன என்று சொன்னாள். உடைவது வேறு, மக்குவது வேறு என்றாள். அப்புறம், யாரும் கேட்காததையும் சொன்னாள்.

"அந்தம்மா பையை நான் ஆறின குவியல்ல வெச்சுட்டேன். அது என் தப்பு. இன்னும் ஒரு தடவை மாமியார்ல வெக்கணும்."

சங்கத் தலைவர் மேற்பார்வையாளரைப் பார்த்தார். மேற்பார்வையாளர் குறிப்பேட்டைப் பார்த்தார். எல்லாம் அதில் எழுதித்தான் இருந்தது: பச்சை, மாமியார். வெள்ளை, மாமனார். அவரும் அறுபது நாளாக அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார், ஒன்றும் தோன்றவில்லை. கடிதத்தை மெதுவாக இரண்டாக மடித்தார். "எனக்கும் அந்தத் தப்புல பங்கு உண்டு" என்றார்.

பின்வரிசையிலிருந்து ஒரு வெங்காயக் கடைக்காரர், "கட்டினவன் கடைக்கே குழி வெட்டிட்டியேம்மா" என்றார்.

"குழி வெட்டறதுதாங்க என் வேலை" என்றாள். கூட்டம் சிரித்ததில் யாருடைய சிரிப்பு சத்தமாகக் கேட்டது என்று நினைக்கிறீர்கள்? என் தம்பிதான்.

மாவுப்பைக்காரி அன்றைக்கு மடித்துச் சொருகிய அதே பையை இடுப்பிலிருந்து எடுத்தாள். "இதையே வெச்சிடுங்க" என்றாள்.

மாமியார் குவியலின் நடு வயிற்றில் வைத்தார்கள். கடைக்காரர்கள் போகிற வருகிற வழியில் எட்டிப் பார்த்து, "மாமியார் எப்படி இருக்காங்க?" என்று விசாரிப்பார்கள். "கோவமாத்தான் இருக்காங்க, நல்லது" என்பாள் இவள். வாரம் ஒருமுறை கிளறல், தண்ணீர் தெளிப்பு. ஐம்பதாம் நாள் சாக்கைப் பிரித்தபோது கைப்பிடி இருந்த தடிப்பான ஓரம் மட்டும் மிச்சம் இருந்தது; அதுவும் நனைந்த பிஸ்கட் போல, தொட்டதும் கரைந்தது. சுற்றியிருந்த உரத்தை ஒரு கைக்குப் பதில் ஐந்து கை அள்ளிக் களைந்தாள். குச்சியும் உமியும்தான் மிதந்தன. விரலில் நசுங்கின. நாற்றுப் பண்ணை அம்மாள் அதே உரத்தில் பூசணி விதை போட்டுப் பார்த்தாள். விதை ஒன்றும் வஞ்சனை பண்ணவில்லை; எல்லாம் முளைத்தது.

அதற்குள் தம்பி தன் பச்சைப் பைக் கட்டுகளை வந்த வழியே திருப்பி அனுப்பியிருந்தான். கடை காலியாகக் கிடந்தது. மாவுப்பைக்காரியைத் தேடிப் போவதற்கு அவனுக்குக் கூச்சம். பசை விக்கிறீங்களா என்று கேட்ட வாய். அவளே வந்தாள். வெள்ளைப் பைக் கட்டு ஒன்றை மேஜையில் வைத்தாள்.

"எனக்குப் பேச வராதுங்க. உங்களுக்கு அது நல்லா வருது. நீங்க வித்துக் குடுங்க."

நான் அங்கேதான் இருந்தேன். என் தம்பிக்குப் பேச்சு வராமல் போனதை என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன்.

இப்போது அவன் கடையில் ஒரு பலகை தொங்குகிறது. கம்பி சொல்லச் சொல்ல அவன் எழுதியது. "இந்தப் பை தோட்டத்தில் புதைத்தால் மக்காது, தெருவில் போட்டால் மக்காது, மாமியார் சூட்டில்தான் மக்கும். கழிவைப் போட்டுக் கட்டி இங்கேயே கொண்டு வாருங்கள். வீட்டில் துணிப்பை இருந்தால் இதுவும் வேண்டாம்." கடைசி வரியை எழுதமாட்டேன் என்று இரண்டு நாள் அடம் பிடித்தான். எழுதின பிறகு கடைக்கு ஆள் கூடத்தான் வந்தார்கள். வியாபாரி தன் வாயால் வேண்டாம் என்று சொல்வதை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பாதிப் பேர். அவர்களும் ஒரு பை வாங்கிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் கடை அடைக்கும்போது திரும்பி வந்த கழிவுப் பைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு அவனே கிடங்குக்குப் போகிறான். அவன் கொண்டுபோய்ச் சேர்த்ததில் ஒரு புதுக் குவியலே எழும்பிவிட்டது. போன வாரம் அதற்கு என்ன பெயர் என்று பார்க்க நானும் போனேன். கம்பி அதன் வயிற்றிலிருந்து இரும்பை உருவி, முனையை அவன் பக்கம் நீட்டினாள்.

"பிடிச்சுப் பாருங்க."

பிடித்தான். பிடித்த வேகத்தில் கையை உதறி, விரலை வாயில் வைத்துக்கொண்டான்.

"இதுக்கு என்ன பேரு வெச்சிருக்கே?" என்று கேட்டேன்.

"மாப்பிள்ளை" என்றாள். "வந்தப்போ ரொம்பத்தான் குதிச்சுது அண்ணி. இப்போ நல்லா வேகுது."

அவன் விரலை எடுக்காமலே, "நாத்தனாரை இந்த வாரம் கிளறினியா, நாத்தம் வருது" என்றான். நான் அவன் முதுகில் ஒன்று வைத்தேன். அப்புறம் என் வாளியை எடுத்துக்கொண்டு பாட்டனிடம் போனேன். வீட்டில் தொட்டி காலியாக இருக்கிறது, பூசணி போடவேண்டும்.